பிரதி செய்து கற்பது குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சித்திரம் பயிலும் பிள்ளைகள் பழைய தைலவர்ண உருவப்படமொன்றைப் பார்த்து வரைந்தால், அது சொந்த ஆக்கமல்ல என்று பெற்றோரும் ஆசிரியர் சிலரும் ஒதுக்கிவிடுகின்றனர். போட்டிக்கு அனுப்பும் ஓவியத்துக்கு அது நியாயமே, பயிற்சிக்குப் பொருந்தாது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட காலந்தொட்டு ஓவியர்கள் மூலப்படங்களின் முன்னின்று பிரதி செய்து வருகின்றனர். மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது என்பது அங்குள்ள விதி.

மட்டக்களப்பில் உருவப்படம் என்றால் பெரும்பாலும் புகைப்படத்தில் கட்டம் போட்டுப் பெரிதாக்குவதுதான். சாயல் வந்துவிடும், ஆனால் வர்ணத்தை எந்த ஒழுங்கில் பூசினால் தோல் தோலாகத் தெரியும் என்பதைப் புகைப்படம் சொல்லித் தராது. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 அளவில் தீட்டிய 'முத்துத் தோடு அணிந்த பெண்' சொல்லித் தரும். 44.5 சென்ரிமீற்றர் உயரமும் 39 சென்ரிமீற்றர் அகலமுமே கொண்ட அப்படத்தில் மூக்குத் தண்டையும் அதை ஒட்டிய கன்னத்தையும் பிரிக்கும் கோடே இல்லை. மூக்கை எப்போதும் கோட்டால் தொடங்கிப் பழகிய பிள்ளை, அந்த இடத்தைத் தன் தூரிகையால் தீட்டும்போதுதான் ஒளியே வடிவத்தைத் தாங்குகிறது என்று உணர்கிறது. தோட்டிலும் அப்படியே: மேலே ஓர் அழுத்தமான வெள்ளைத் தீற்று, கீழே கழுத்துப்பட்டியின் மங்கிய பிரதிபலிப்பு, மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை.

எண்ணெயின் இயல்பும் இப்பயிற்சியில்தான் பிடிபடும். தைலவர்ணம் நீர்வர்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும்; மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். மாரி காலத்து ஈரலிப்பில் காய்வதற்கு அதிக நாள் எடுக்கும் என்பதால், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களே இதற்கு உகந்தவை.

செலவை நினைத்து அஞ்சத் தேவையில்லை. முகத்துக்கு வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கும் போதும். வெர்மீரின் பெண் அணிந்துள்ள தலைப்பாகைக்கு மட்டும் நீலம் வேண்டும். கிடைக்காதிருப்பது நல்ல அச்சுப்படமே. கைத்தொலைபேசித் திரையில் நிழலின் நுணுக்கங்கள் தெரிவதில்லை. எனவே, மூல அளவில் தரமாக அச்சிட்ட உருவப்படங்கள் சிலவற்றை நமது பொது நூலகங்கள் வாங்கி வைக்க வேண்டும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், பாடசாலை விடுமுறைகளில் அவற்றை முன்வைத்துப் பிரதிப் பயிற்சி நடத்த முன்வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு.