வெட்டாமல் விட்ட இடங்கள்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். எடிட்டிங் டேபிளிலேயே கிடப்பவள் நீ. அதனால் கதையைப் பற்றி அதிகம் பேசாமல், வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடம், எங்கே விழுகிறது என்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் டிவியைச் சரிசெய். இந்தப் படங்களின் சட்டகம் 1.37:1, அதாவது அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்குதான்; இன்றைய டிவி அதைவிட அகலம். திரை முழுக்க நிரம்பட்டும் என்று இழுத்துவிட்டால் ஆள் 30 சதவீதம் அகலமாகிவிடுவார். ஆடுகிறவரின் கால் நீளமெல்லாம் போய்விடும். இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடு. நொடிக்கு 24 பிரேமுக்கு நடுவே டிவி தானாக பிரேம்களைச் செருகினால், வேகமான காலடி குழம்பித் தெரியும். ப்ளூடூத் ஹெட்போனும் வேண்டாம். சத்தம் இரண்டு மூன்று பிரேம் பிந்தினாலே, காலால் தரையில் தட்டித் தாளம் போடும் டேப் நடனம் தடுமாறுவதுபோல் இருக்கும், பழி ஆடுகிறவர் மேல் விழும்.

1935இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ எடுத்த 'டாப் ஹாட்' படத்தில் தொடங்கு. நாயகனைத் தன் தோழியின் கணவன் என்று தப்பாக நினைத்துக்கொள்கிறாள் நாயகி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். தீர்ந்தால் படம் அரை மணியில் முடிந்துவிடுமே! அதை விடு. நாயகனாக வரும் பிரெட் அஸ்டேர் ஆடும்போது கேமராவைக் கவனி. தலையிலிருந்து பாதம்வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், வெட்டு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். நடுவில் முகத்துக்கு குளோசப் போனால் உடம்பின் கோடு அறுந்துபோகும். திரும்பி வரும்போது நம் கண் மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். 'சீக் டு சீக்' பாட்டில் நாயகி ஜிஞ்சர் ரோஜர்ஸின் இறகு கவுனிலிருந்து இறகுகள் உதிர்வதைப் பார்க்கலாம். இன்றைக்கு என்றால் கம்ப்யூட்டரில் துடைத்திருப்பீர்கள்.

காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் ஊர் வழக்கம்போலத்தான், பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, செட்டில் அதை ஓடவிட்டு ஆடினார்கள். பாட்டு அலறும் இடத்தில் தரைச் சத்தத்தைப் பதிவு செய்ய முடியாது. அதனால் படப்பிடிப்பு முடிந்தபின் திரையைப் பார்த்தபடியே திரும்பத் தட்டிப் பதிந்தார்கள். உடம்பு ஒரு நாள் ஆடியது, சத்தம் இன்னொரு நாள் வந்தது. ஒட்டுப்போட்டது தெரிகிறதா என்று பார்.

அடுத்தது 1952இல் எம்.ஜி.எம். எடுத்த 'சிங்கிங் இன் தி ரெயின்'. ஊமைப்படம் பேசும்படமாக மாறிய 1927இல் நடக்கும் கதை. கதைக்குள் ஒரு பேசும்படம் எடுக்கிறார்கள்; அதன் ஒலிப்பதிவுக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார். மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். நாயகி முகத்தைத் திருப்பினால் பாதி வசனம் காணோம். மைக்கை அவள் உடையில் தைத்தால் இதயத் துடிப்பு கேட்கிறது. அந்தப் படத்தை வெளியீட்டுக்கு முன் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டும்போது ஒலி நழுவ, வில்லன் வாயில் நாயகியின் குரல் வருகிறது. கேமரா இரையும் சத்தம் பதிவாகாமலிருக்க அதை ஒரு கூண்டுக்குள் அடைத்திருப்பதையும் பார். அந்தக் காலத்தில் நிஜமாகவே அப்படித்தான் அடைத்து வைத்தார்கள்.

அந்த நாயகிதான் கீச்சுக்குரல் நட்சத்திரம்; அவளுக்கு, இளம் நடிகையாக வரும் டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுப்பதாகக் கதை. நிஜத்தில் நடந்தது தலைகீழ். அந்தக் காட்சியில் கேட்கும் பேச்சு, கீச்சுக்குரலியாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். 'வுட் யூ' பாட்டைப் பாடியது பெட்டி நோய்ஸ். இந்தக் குறும்பு ஒன்றுக்காகவே படத்தை இரண்டு தடவை பார்க்கலாம்.

மழைப் பாட்டில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். முன்னாலிருந்து விளக்கு அடித்தால் மழை கேமராவில் தெரியாது. பின்னாலிருந்து அடித்தால்தான் ஒவ்வொரு தாரையும் பளிச்சென்று தெரியும். நாயகன் ஜீன் கெல்லி கால் வைத்துக் குதிக்க வேண்டிய இடங்களில் தரையில் பள்ளம் தோண்டித் தண்ணீர் தேக்கினார்கள். காய்ச்சலோடு அவர் ஆடினார். வெட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்; கேமரா பின்வாங்கி மேலே எழும் இடத்தில் உன் கை தானாக கீபோர்டுக்குப் போகும், விட்டுவிடு.

நேரம் இருந்தால் 1951இல் வந்த 'ராயல் வெட்டிங்'கில் அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடும் காட்சியை மட்டும் பார். அறை முழுவதையும் சுழலும் கூண்டுக்குள் கட்டி, கேமராவையும் கேமராக்காரரையும் அறையோடு சேர்த்துப் பிணைத்துவிட்டார்கள். அறை சுற்றும்போது அஸ்டேர் எப்போதும் கீழ்ப்பக்கத்திலேயே நிற்கிறார், நமக்குத்தான் அவர் ஏறுவதாகத் தெரிகிறது. நாற்காலி மேஜை எல்லாம் ஆணியடித்தவை. அவர் உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

'ஸ்விங் டைம்' (1936) பார்த்தால், முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடும் பகுதி ஒன்று வரும். காலம் அப்படி என்று சொல்லி அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. மற்ற நடனங்கள் அருமை.

'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் டொனால்டு ஓ'கானர் சுவர் ஏறிப் பல்டியடிக்கும் 'மேக் எம் லாஃப்' பாட்டில் எத்தனை வெட்டு என்று எண்ணி எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா