தண்ணீர் குடித்தால் தீராத வறட்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை பிறந்துவிட்டால் எல்லாப் பத்திரிகைகளையும் போல நீங்களும் ஒரு குறிப்பு போடுகிறீர்கள்: வாய் உலர்ந்தால் நிறையத் தண்ணீர் குடியுங்கள், மோர் குடியுங்கள் என்று. வெயிலில் அலைகிறவருக்கு அது சரி. ஆனால் மார்கழிக் குளிரிலும் வாய் காய்கிற ஆட்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்போம். எங்களுக்குக் குடம் குடமாகக் குடித்தாலும் தீராது.

நான் உசிலம்பட்டி - மதுரை தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்கானூரணி, யுனிவர்சிட்டி, நாகமலை, காளவாசல், ஆரப்பாளையம் என்று ஒரே மூச்சில் கூவுவேன். கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார். இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு மிடறு தண்ணீர் வேண்டியிருக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ‘டக்’கென்று சத்தத்தோடு பிரிகிறது. ட, ள, ழ எல்லாம் குழறுகின்றன. போனில் பேசினால் எதிர்ப்பக்கம் ‘என்னது, என்னது’ என்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த பையன், ‘காலையிலேயே ஏத்தியாச்சா பெரியவரே?’ என்றான். நான் பீடி கூடத் தொடாதவன்.

சாப்பாடு அதைவிடச் சங்கடம். ரசம் சோறும் தயிர் சோறும் இறங்கிவிடும். பருப்புப் பொடி போட்டுப் பிசைந்தால் பாதித் தொண்டையில் நின்றுகொள்ளும். பரோட்டாவைச் சால்னாவில் கூழாக ஊறவைத்தால்தான் உண்டு. முறுக்கு, பன், பொரிகடலை பக்கமே போவதில்லை. பந்தியில் அடுத்த ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். நான் இன்னும் சாம்பாரில் இருப்பேன். அதனால் மொய்யை எழுதிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய?

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். ஈறை ஒட்டி, பல்லின் வேர்ப்பக்கமாக வரிசையாகச் சொத்தை. பார்த்ததும், ‘வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள்’ என்றார். பிரஷருக்காகச் சிறுநீர் பிரிய ஒன்று, சர்க்கரையால் வந்த பாத எரிச்சலுக்கு ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு ஓர் அலர்ஜி மாத்திரை. மூன்றுமே வாயை உலர்த்தக் கூடியவை. சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை ஏறினாலும் வாய் காயும். வாய்ப்புற்று, தொண்டைப்புற்றுக்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியே சேதமாகிவிடுவதுண்டு. கண்ணும் வாயும் சேர்ந்து காய்கிற ஷோகிரன் என்ற நோயும் இருக்கிறது. அது பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவது.

சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுமாம். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆனால் மிச்சமிருக்கும் கொழகொழப்புதான் சோற்றை உருட்டி இறக்குகிறது, நாக்கைப் புரளவிடுகிறது. அதிலுள்ள உப்புகள் பல்லை அமிலம் அரிக்காமல் காக்கின்றன. கிரீஸ் போட வேண்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும்?

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. எலுமிச்சம்பழத்தைச் சப்பு என்றார்கள். ஏற்கெனவே நனைப்பில்லாத பல்லைப் புளிப்பு இன்னும் அரிக்கும். வெற்றிலை பாக்கு போடு என்றார்கள். பாக்கு வாய்ப்புற்றுக்கு வழி. ஜிகர்தண்டா குடிக்கச் சொன்ன நண்பரும் உண்டு. குடிக்க ஆசைதான், ஆனால் சர்க்கரை எனக்கும் ஆகாது, என் பல்லுக்கும் ஆகாது. மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் சொன்னதும், அவர் ராத்திரி மாத்திரையின் அளவைக் குறைத்தார். சர்க்கரை இல்லாத சூயிங்கம், ஃப்ளூரைடு பேஸ்ட், படுக்கப்போகும்போது மருந்துக்கடையில் கிடைக்கும் செயற்கை உமிழ்நீர் ஜெல். பாதி நிம்மதி வந்திருக்கிறது. ஜெல் விலைதான் பென்ஷன்காரனுக்குக் கொஞ்சம் கடிக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிற பெண்கள், ‘தண்ணீர் இல்லாமல் ஒரு பன் சாப்பிட முடிகிறதா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். முடியாது என்கிறவரின் பெயரைக் குறித்துக்கொண்டுபோய் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னால், அவர் மாத்திரைச் சீட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அப்புறம், தலை, கழுத்துப் பகுதியில் கதிர் சிகிச்சை எடுக்கப்போகிற ஒவ்வொருவரையும், தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் அனுப்புவதை எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.