அலெர்ட் ஏன் குறைந்தது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சர்வர்களில் கோளாறு தெரிந்தால் எங்களிடமிருந்து உங்கள் போனுக்கு வரும் அலெர்ட், இரண்டு வாரமாக வெகுவாகக் குறைந்திருக்கும். "சர்வர்களைக் கவனித்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், அதனால் அலெர்ட்டையே அணைத்துவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றி எனக்கும் வந்து சேர்ந்தது. படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எதையும் அணைக்கவில்லை. சர்வர்களைக் கண்காணிக்கும் ஜாபிக்ஸ் மென்பொருள் முன்பு போலவே நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா சர்வரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எதற்கு உங்களை எழுப்புவது என்பதை மட்டும் மாற்றினோம்.

போன மாதம் ஒரு ராத்திரி, ஒரு சர்வரில் மெமரி பயன்பாடு 90 சதவீதத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. 91 ஆனால் ஒரு அலெர்ட், 89க்கு இறங்கினால் 'சரியாகிவிட்டது' என்று இன்னொன்று. விடிவதற்குள் 46. அதற்கு நடுவே 'ரெய்டில் (ஒரே டேட்டாவை ஜோடி டிஸ்க்குகளில் வைக்கும் ஏற்பாடு) ஒரு டிஸ்க் பழுது' என்று ஒற்றை வரியும் வந்திருக்கிறது. பணியில் இருந்த தம்பி கண்ணில் அது படவில்லை. காலை பத்தரைக்குத்தான் பார்த்தோம். ஜோடி டிஸ்க்கில் அதே டேட்டா இருந்ததால் பிழைத்தோம். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். 90 சதவீதம் என்று அந்த வரம்பை வைத்தவன் நான். அந்த வாடிக்கையாளரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

சர்வரை இயக்கும் லினக்ஸ், சும்மா கிடக்கும் மெமரியில், படித்த ஃபைல்களைப் போட்டு வைத்துக்கொள்ளும். வேறு புரோகிராம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே 90 சதவீதப் பயன்பாடு என்பது மட்டும் ஆபத்தல்ல. உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸ் தருகிறது. நாங்கள் எப்போதோ அதற்கு மாறியிருக்க வேண்டும். இப்போது அந்தக் கிடைக்கும் மெமரி 10 சதவீதத்துக்குக் கீழே போய் ஐந்து நிமிடம் நீடித்தால்தான் அலெர்ட். 20ஐத் தாண்டினால்தான் சரியானதாகக் கணக்கு.

டிஸ்க்கும் அப்படித்தான். 4 டிபி டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினாலும் 400 ஜிபி மிச்சம் இருக்கும். 40 ஜிபி டிஸ்க்கில் நாலே ஜிபி. அதனால் இந்த வேகத்தில் போனால் நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்க்கிறோம். டேட்டாவை நகலெடுக்கும் பேக்கப் நேரத்தில் சிபியு (சர்வரின் செயலி) பயன்பாடு நூறு சதவீதத்தைத் தொட்டால் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

சர்வர் விழுந்தாலோ, டிஸ்க் பழுதானாலோ, பேக்கப் தவறினாலோ எந்நேரமும் போன் வரும். அனுப்பாமல் விட்ட ஒவ்வொன்றும் உங்கள் லாகின் பக்கத்தில் தேதி, நேரத்தோடு பதிவாகிறது. சந்தேகம் இருந்தால் ஆபீசுக்கு வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நானே காட்டுகிறேன். ஆள் போனது உண்மைதான். ஆனால் இந்த வேலை அவர் இருந்தபோதே தொடங்கியது, பாதி வரம்புகளைத் திருத்தியதே அவர்தான்.

பேச்சைக் கேட்டதும் நேராக எனக்கே போன் போட்டு "என்னப்பா விஷயம்?" என்று கேட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தொடக்கத்தில் எங்களை நம்பி சர்வர் பாஸ்வேர்டைக் கொடுத்தவர்களும் நீங்கள்தான்.

அப்புறம், புதிய ஆள் அமையும் வரை இரவு 11 முதல் காலை 6 வரை வரும், அவசரமில்லாத மற்ற கேள்விகளுக்கு மறுநாள் பதில் தருவோம்.

சம்பளக் கணக்கு, ஜிஎஸ்டி நாள் என்று உங்கள் சர்வரில் சுமை ஏறும் நாட்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்ப வரம்பை மாற்றி வைக்கிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்