பிசிடி வாங்குவதற்கு முன்னால், மச்சானுக்கு

மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் நின்றதால் மூன்று ஞாயிறும் ஷூ கம்பெனியிலேயே போயிற்று, அதனால்தான் தாமதம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. உன்னைப் பற்றித்தான் தினம் ஒரு கேள்வி: "கடலுக்குள்ள போறானாமே, அவனுக்கு என்ன தலையெழுத்து?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூபா டைவிங்குக்கு நீ வாங்கப் போகிற பிசிடி, அதுதான் முதுகில் சிலிண்டரைத் தாங்கி, காற்றை ஊதி மிதப்பைச் சரிசெய்கிற அந்தச் சட்டை, அதற்கு நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். இருபது கிலோ தூக்கும், எட்டு பாக்கெட், திரும்பிய பக்கமெல்லாம் சாமான் மாட்ட டி வளையம். ஸ்கூட்டர் வாங்கும்போதும் நீ இன்ஜினை விட்டுவிட்டு டிக்கியைத்தான் திறந்து பார்த்தாய்.

குடியாத்தத்தில் உங்கள் தாத்தா நமக்கு நீச்சல் பழக்கிய கிணறு நினைவிருக்கிறதா? காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார். கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிவிட்டால் பின்பக்கம் மிதக்கும், மூஞ்சி தண்ணீருக்குள் போகும். வயிற்றில் கட்டினால் ஆள் மல்லாந்துவிடுவான். பிசிடியிலும் அதே கதைதான், எவ்வளவு காற்று பிடிக்கும் என்பதைவிட அந்தக் காற்று உடம்பில் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

ஜாக்கெட் மாடலில் காற்று விலாவையும் வயிற்றையும் சுற்றி நிற்கும். கடல் மட்டத்தில் நிமிர்ந்து மிதந்தபடி படகுக்குக் காத்திருக்க நல்ல சுகம், ஆனால் முழுக்க ஊதினால் மூச்சு இழுக்க இடமில்லாமல் விலாவை நெருக்கும். முதுகுப் பக்கம் மட்டும் ஊதுகிற மாடல் தண்ணீருக்குள் உடம்பைப் படுக்கை வாட்டில் அழகாக வைக்கும், நெஞ்சு காலியாக இருக்கும். மேலே வந்து அதை டம்மென்று ஊதினால் மட்டும் தாத்தாவின் குடுக்கை போல முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். அரைவாசி ஊதிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும், இரண்டு மூன்று டைவில் பழகிவிடுகிறது. முதுகில் உலோகத் தட்டு, அதன் பின்னால் காற்றுப்பை என்று வருகிற விங் மாடலும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் இரும்புத் தட்டு மட்டுமே இரண்டரை மூன்று கிலோ. நீ அந்தமானுக்கு விமானத்தில் போகப் போகிறவன், பதினைந்து கிலோ லக்கேஜில் அதை வைத்தால் சட்டை வேட்டியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இருபது கிலோ தூக்குகிறது என்று பூரிக்காதே. சாதாரண அலுமினிய சிலிண்டர் பதினோரு லிட்டர், 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருக்கிற காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 50 பாரில் நீ மேலே வரும்போது அதில் ஏறக்குறைய இரண்டு கிலோ தீர்ந்திருக்கும். அந்த இரண்டு கிலோவையும், ஆழத்தில் நசுங்கும் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் டைவிங் சூட் இழக்கிற மிதப்பையும் ஈடுகட்டத்தான் பிசிடி. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தூக்கினாலே தாராளம். பை பெரிதாக இருந்தால் காற்று உள்ளே அங்குமிங்கும் உருளும், நீந்தும்போது இழுவையும் கூடும்.

அதனால் முதலில், தண்ணீருக்குள் இறங்கக் கட்டிக்கொள்கிற ஈய எடையைச் சரி செய். முழு சிலிண்டரோடு தண்ணீரில் நிமிர்ந்து நின்று, மூச்சு விடுகிற ரெகுலேட்டரை வாயில் வைத்து, பிசிடியைக் காலி செய்து, சாதாரணமாக இழுத்த மூச்சோடு பார்த்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு கிலோ சேர்த்துக்கொள், தீர்ந்துபோகும் காற்றுக்காக. பிறகு கடலில் இறங்கும் நாளில் அதையே பார்த்துக்கொள், நன்னீர்க் குளத்தில் போதிய எடை கடலில் போதாது. நான் ஆரம்பத்தில் பயந்துபோய் நான்கு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டேன். அதைச் சரிக்கட்ட ஊதினேன், கொஞ்சம் மேலே வந்ததும் பையிலிருந்த காற்று விரிந்து இன்னும் மேலே இழுத்தது. பத்து மீட்டரில் ஒரு லிட்டராக இருக்கிற காற்று மேலே வந்தால் இரண்டு லிட்டர், நினைவிருக்கட்டும். அவசரமாகக் காற்றை வெளியேற்றினால் கல்லாகக் கீழே போனேன். டைவ் முழுவதும் லிஃப்ட் ஓட்டியதுதான் மிச்சம்.

இன்னொன்று அளவு. வாடகைக்குக் கிடைத்த ஒன்று எனக்கு ஒரு சைஸ் பெரிது. மேலே வந்து ஊதியதும் காது வரை ஏறிவிட்டது, தாடை உள்ளே, சிலிண்டர் முதுகில் மூட்டை போல ஆடுகிறது. அதனால் கடையில் உன் சூட்டைப் போட்டு அதன் மேல் மாட்டு, வார்களை இறுக்கு, முழுக்க ஊதச் சொல், மூச்சு விட முடிகிறதா பார். யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல், காதை நோக்கி ஏறினால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, காற்றை ஊதுகிற இன்ஃபிளேட்டரையும், பின்னால் இடுப்பருகே காற்றை வெளியே விடுகிற டம்ப் வால்வுக் கயிற்றையும் தேடு. தடவித்தான் கிடைக்கிறதென்றால் தண்ணீருக்குள் கிடைக்கவே கிடைக்காது. தையலை எனக்குப் படம் எடுத்து அனுப்பு, இத்தனை வருஷம் ஷூ தைப்பதைப் பார்த்த கண் சும்மா இருக்காது. சிலிண்டர் வார் சேருகிற இடத்தில் ஒற்றைத் தையல் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடு. பக்கிள் உடைந்தால் தனியாக மாற்ற முடியுமா என்று கேள், பையோடு ஒட்டியே வருகிறது என்றால் தள்ளி வை.

வாங்கிய பிறகு நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கி வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் உப்புப் படிந்து இன்ஃபிளேட்டர் பொத்தான் சிக்கிக்கொள்ளும், அது தானாக ஊதிக்கொண்டே இருந்தால் உடனே குழாயைக் கழற்றிவிட்டு காற்றை வெளியேற்ற வேண்டும், இதைக் கரையிலேயே பழகு. நீ இங்கே வரும்போது எங்கள் உப்புப் போர்வெல் தண்ணீரில் அலசிவிடாதே, அதற்குக் கடல் தண்ணீரே தேவலை. மொட்டை மாடியிலும் காயப்போடாதே, வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகிவிடும். அரை ஊதலில் நிழலில் தொங்கவிடு.

நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, பணத்தைக் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் போய் டைவிங்குக்குச் சரியா என்று எழுதி வாங்கு. டைவுக்குப் புதுச்சேரிக்கு எந்த ஞாயிறு என்று சொல், நானும் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறுகிறேன். பிரியாணி பொட்டலமும் கத்திரிக்காயும் என் கையில்தான் இருக்கும், டைவ் முடிந்து கரை ஏறும் வரை உனக்குக் கண்ணில் காட்ட மாட்டேன்.

உன் மச்சான்