எமது வைன் சுவைஞர் வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024 – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே,

கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரையான காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையைச் சபை முன் சமர்ப்பிக்கிறேன்.

வழமையான கூட்டங்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆகிய இடங்களிலுள்ள உறுப்பினர்களின் இல்லங்களில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலைகளில் நடைபெற்றன. போயா தினத்தன்று வந்த கூட்டமும், கந்தசஷ்டிக் காலத்திலும் தவக்காலத்திலும் வந்தவையும் வேறு நாட்களுக்கு மாற்றப்பட்டன. மே மாதக் கூட்டம் மழையினால் ஒத்திவைக்கப்பட்டது. ஆண்டிறுதி ஒன்றுகூடல் குடும்பத்தினருடன் சிறப்பாக நடந்தேறியது. வைன் அருந்தாதோருக்கும் பிள்ளைகளுக்கும் தோலகட்டி நெல்லிரசம் பரிமாறப்பட்டது. இவற்றின் விபரங்கள் கூட்டக்குறிப்பேட்டில் உள்ளன.

இவ்வாண்டு எமது வட்டம் செய்தவற்றுள் நிலைத்து நிற்கக்கூடியது, நமது வீட்டுச் சமையலுக்கு எந்த வைன் பொருந்தும் என்பதை முறையாகச் சுவைத்துப் பதிவு செய்தமையே என்பது எனது உறுதியான கருத்து. முன்னைய ஆண்டுகளில் சீஸும் ஒலிவ் காய்களும் சுப்பர்மார்க்கெட்டில் பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டன. அவற்றில் பாதி தட்டிலேயே மிஞ்ச, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குசினிப் பக்கம் சென்று கணவாய்ப் பொரியலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை எல்லோரும் அறிவோம். வீட்டுச் சமையலையே வைனுடன் வைப்போம் என்றபோது, மிளகாய்க்கும் வைனுக்கும் ஒருபோதும் ஒத்துவராது என்று செயற்குழுவில் இருவர் ஆட்சேபித்தனர். வைன் நமக்குப் பழக்கமில்லாத பொருள் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் யவனர், அதாவது கிரேக்க, உரோம வணிகர், கப்பலில் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். 1945 இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் நடந்த அகழ்வில் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வைன் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே பழக்கம் பற்றிய ஆட்சேபத்தை ஏற்க நான் மறுத்தேன். மிளகாய் பற்றிய ஆட்சேபத்தைச் சுவைத்தே தீர்ப்பது என்று முடிவாயிற்று.

முதல் மாலை நண்டுக்கறிக்கு ஒதுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டு, முருங்கையிலை தூவி இறக்கிய கறி அது. மூன்று போத்தல்களை வீரகேசரித் தாளில் சுற்றி, கழுத்தில் இலக்கமிட்டு மேசையில் வைத்தோம். 1976 இல் பரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் சுவைத்தபோது கலிபோர்னிய வைன்கள் முதலிடம் பெற்றதை நினைவூட்டி, பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். முதலாவது போத்தல் அவுஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் என்ற சிவப்பு வைன், மதுசாரம் 14.5 வீதம். இரண்டாவது நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவினியோன் பிளாங் என்ற புளிப்பான வெள்ளை வைன். மூன்றாவது ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங், கபினெட் எனப்படும் மெல்லிய வகை வெள்ளை வைன், மதுசாரம் 9 வீதம், இலேசான இனிப்புள்ளது. வெறும் வாயில் சுவைத்தபோது பெரும்பாலோர் முதலாவதைப் புகழ்ந்தனர். நண்டுக்காலை உடைத்துக் குழம்போடு உறிஞ்சிய பிறகு அதே கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டனர். காரணம் எளிது: காரம் என்பது உண்மையில் சுவையன்று, சூட்டை உணரும் நரம்புகளை மிளகாய் தூண்டுவதால் எழும் எரிவு, மதுசாரமும் அதே நரம்புகளையே தூண்டுகிறது, சிவப்பு வைனின் துவர்ப்பும் சேர்ந்துகொண்டால் வாய் புண்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. மதுசாரம் குறைந்து, கொஞ்சம் இனிப்பும் குளிர்ச்சியுமாக வந்த மூன்றாம் இலக்கம் அந்த எரிவைத் தணித்து, நண்டின் இனிமையை மேலே கொண்டுவந்தது. ஆட்சேபித்த இருவரும் தமது தாளில் மூன்றாம் இலக்கத்துக்கே புள்ளியிட்டனர் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அதன்பின் வந்த மாலைகளில் கிடைத்த முடிவுகளில் சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்புடன் வெப்ப நாட்டு ஷார்டனே வெள்ளை வைன் ஒன்று சப்பென்று போய்விட்டது; உணவின் புளிப்பு வைனின் புளிப்பை மழுக்கிவிடும் என்பதால், வைன் குழம்பைவிடப் புளிப்பாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் மார்ல்பரோ வைன் நன்றாக நின்றது. இடியப்பத்துக்கும் சொதிக்கும் தென்னாபிரிக்காவின் ஷெனின் பிளாங் என்ற வெள்ளை வைன் பொருந்தியது. தேங்காய்ப்பாலின் கொழுப்பை அதன் புளிப்பு வெட்டியது. கருவாட்டுடன் சிவப்பு வைன் குடித்தவர்கள் வாயில் இரும்பு வாடை அடிப்பதாகச் சொன்னார்கள். சிவப்பு வைனிலுள்ள இரும்புச்சத்தே கடலுணவுடன் சேரும்போது அந்த வாடையை எழுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் காட்டியிருக்கிறார்கள். தூள் குறைத்து மிளகு கூட்டிச் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டலுடன், முதல் மாலையில் தள்ளி வைக்கப்பட்ட அதே ஷிராஸ் மதிப்பை மீட்டுக்கொண்டது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மென்மையாக்கிவிடுகின்றன. கித்துள் கருப்பட்டி போட்ட வட்டிலப்பத்துக்கு மடெய்ரா என்ற போர்த்துக்கேய இனிப்பு வைன். வைன் பலகாரத்தைவிட இனிப்பில் குறையக்கூடாது என்ற விதி அங்கு ஐயமறத் தெளிவாயிற்று. எல்லாவற்றிலும் எளிதாக அமைந்தது பருத்தித்துறை வடையும், நன்கு குளிர்ந்த புரொசெக்கோ என்ற இத்தாலிய நுரை வைனும். உப்பும் எண்ணெயும் உறைப்பும் ஒரு பக்கம், நுரையும் புளிப்பும் மறுபக்கம் என அந்தத் தட்டு ஐந்து நிமிடத்தில் வெறுமையாயிற்று.

இம்முடிவுகள் யாவும் ஒரு குறிப்பேட்டில் கறியின் செய்முறை, வைனின் நாடு, திராட்சை வகை, பரிமாறிய வெப்பநிலை, ஒவ்வொருவரின் கருத்து என்ற ஒழுங்கில் எழுதப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் எழுதப்படும் பொருத்தப் பட்டியல்களில் இந்திய உணவு என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒடியல் கூழும் இல்லை, மாசிச் சம்பலும் இல்லை. நாம் எழுதாவிட்டால் நமக்காக யாரும் எழுதப்போவதில்லை. ஆகவேதான் இதற்காக நான் செலவிட்ட நேரத்தையும், சில உறுப்பினர்கள் அதிகப்படியெனக் கருதிய கண்டிப்பையும் நியாயமானவை என்று கருதுகிறேன்.

வெப்பநிலை பற்றிய கண்டிப்பும் அவற்றுள் ஒன்று. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறுக என்று சொல்லப்படுவது 16 அல்லது 18 பாகை செல்சியஸ் உள்ள அறைகளுக்குரிய அறிவுரை. கொழும்பில் மாலை ஆறு மணிக்கும் அறைக்குள் 30 பாகை நிற்கும்போது அப்படியே ஊற்றினால் மதுசார வாடை மட்டுமே மூக்கில் ஏறும். சிவப்பு வைன் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணித்தியாலமாவது இருந்து வரவேண்டும். கடைகளிலும் இதே சிக்கல் உண்டு. காலி வீதியில் வாங்கிய ஒரு போத்தலின் தக்கை, உறைக்கு மேலே தெரியுமளவுக்கு வெளியே தள்ளியிருந்தது; திறந்தபோது வேகவைத்த பிளம்ஸ் மணம் மட்டுமே வந்தது. கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த போத்தல் அது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார். உறுப்பினர்கள் இனிமேல் வெயில் படாத தட்டிலிருந்து, இயன்றவரை திருகுமூடிப் போத்தல்களாகப் பார்த்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எழுதாமல் விட்டால் இவ்வறிக்கை முழுமை பெறாத ஒரு விடயத்துக்கு வருகிறேன். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். சுவைப்பதற்கு ஆளுக்கு 75 மில்லிலீற்றர் என்று அளந்தால் பத்துப் பேருக்குச் சரியாக வரும். எமது கூட்டம், சமையல், செலவு யாவும் இந்தப் பத்துப் பேர் என்ற கணக்கின்மேல் நிற்கின்றன. வட்ஸ்அப் குழுவில் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வராமல் இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. திறந்த போத்தல் காத்திருக்காது. வெள்ளை வைன் இரண்டு மூன்று நாளில் வாசனை இழந்துவிடும், நுரை வைன் மறுநாளே சப்பையாகும்.

ஒக்டோபர் மாதக் கூழ் மாலையை எடுத்துக்கொள்வோம். வருவதாகச் சொன்னவர்கள் பத்துப் பேர். விருந்தளித்த உறுப்பினரின் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். அதிகாலையிலேயே மீனும் இறாலும் வாங்குவித்து, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் தாமே அரிந்து, ஊரிலிருந்து வந்த ஒடியல் மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினார். பனையோலைப் பிளாக்கள் பத்து மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. கூழுடன் சுவைப்பதற்கென்று ஸ்பெயினின் பீனோ ஷெரி என்ற இனிப்பற்ற வெள்ளை வைன் இரண்டு நாள் முன்பே குளிரவைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் நால்வர். "தம்பி, மற்ற ஆக்கள் வருவினமோ, கூழை இறக்கட்டோ?" என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார், என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பீனோவின் உப்புச்சாயலும் வறண்ட தன்மையும் கூழின் புளிக்கும் கடல்வாசனைக்கும் அவ்வளவு நேர்த்தியாக அமைந்தன. இந்த ஆண்டின் மிகச் சிறந்த பொருத்தம் அதுதான் என்று நால்வரும் ஒருமனதாக எழுதினோம். வராத ஆறு பேரில் ஒருவர் மட்டும் மறுநாள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு எனது நன்றி. தலைவர் கேட்டுக்கொண்டமையால் மற்றவர்களின் பெயர்களை இங்கு சேர்க்கவில்லை.

சந்தா நிலுவை பற்றியும் இவ்விடத்திலேயே குறிப்பிடுகிறேன். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை சென்ற பிறகு, இறக்குமதி வைனின் விலை எங்கே போயிற்று என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை. தீர்வைகள் வேறு. அப்படியிருந்தும் செயற்குழு சந்தாவைச் சிறிதளவே உயர்த்தியது. "நான்தான் கூட்டத்துக்கு வரவில்லையே, எதற்குச் சந்தா?" என்று சிலர் கேட்டனர். ஒருவர் வராவிட்டாலும் அவருக்குரிய பங்கு போத்தலில் வாங்கப்பட்டுவிடுகிறது என்பதே அதற்குரிய பதில். நிலுவையில் உள்ளவர்களுக்குப் பொருளாளர் பலமுறை நினைவூட்டல் அனுப்பியும் பலன் போதவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. கையிருப்பு சிறிதளவு உண்டு. சில பற்றுச்சீட்டுகள் இன்னும் சேர்க்கப்பட வேண்டியுள்ளன. சுவைக் கிளாஸ்கள் வாங்கியது வீண்செலவு என்று ஒரு கருத்து எழுந்தமையால் அதற்கு மட்டும் விளக்கம் தருகிறேன். அடி அகன்று வாய் ஒடுங்கிய 215 மில்லிலீற்றர் கிளாஸ், 1977 முதல் சர்வதேசத் தரநிலையாக இருப்பது. வாசனை ஒடுங்கிய வாயில் தேங்கி நிற்பதால்தான் சுவைப்பதில் பொருள் இருக்கிறது. தண்ணீர்க் கிளாஸிலும் தேநீர்க் கோப்பையிலும் ஊற்றிவிட்டு ரீஸ்லிங்குக்கும் ஷெனினுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று முறையிடுவதில் நியாயமில்லை. அக்கிளாஸ்களுக்குரிய தொகையில் ஒரு பகுதியை நான் கைப்பணமாக முன்கூட்டிக் கொடுத்தேன். அது இன்னும் எனக்குத் திரும்பவில்லை. வட்டத்தின் நிலைமை சீராகும்வரை பொறுத்திருக்கத் தயாராக உள்ளேன்.

எமது வட்டம் வைனை விற்பதில்லை. பகிர்ந்து வாங்கிப் பகிர்ந்து சுவைக்கிறது. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் விற்பது இந்நாட்டில் குற்றம் என்பதால், விருந்தினராக வரும் நண்பர்களிடம் கிளாஸுக்குக் காசு வாங்கும் யோசனையைச் செயற்குழு நிராகரித்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரிமாறுவதில்லை. வைன் சுவைத்தவர் எவரும் வாகனம் ஓட்டிச் செல்லாமல், ஓட்டோ அழைத்து வீடு திரும்ப வேண்டும் என்ற விதியும் தொடர்கிறது.

இல்லங்களைத் திறந்துவிட்ட குடும்பத்தினருக்கும், குசினியில் நின்று உழைத்த தாய்மாருக்கும் துணைவியருக்கும், கட்டுநாயக்கவின் தீர்வையற்ற கடையிலிருந்து போத்தல் சுமந்து வந்த உறுப்பினர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இந்தியாவின் நாசிக் பகுதி வைன்களை நமது மரக்கறிச் சமையலுடன் சுவைக்கவும், குறிப்பேட்டை அச்சிட்டு உறுப்பினருக்கு வழங்கவும் எண்ணியிருக்கிறோம். இரண்டுக்கும் பணமும் ஆட்களும் வேண்டும். பத்துப் பேராவது ஆண்டு முழுவதற்கும் உறுதி சொல்லாவிட்டால் மாதக் கூட்டத்தை மூன்று மாதத்துக்கொரு முறையாகக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிக் குறைத்தால் குறிப்பேடு வரும் ஆண்டில் முடியாது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். குறிப்பேட்டை மட்டும் முடித்துத் தர அனுமதிக்க வேண்டுகிறேன். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார். நிலுவையுள்ளவர்கள் இரவு உணவுக்கு முன் அவரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைச் சபை ஏற்று அங்கீகரிக்க வேண்டுமென முன்மொழிகிறேன்.

செயலாளர்,
கொழும்பு.