மாமாவுக்கு, செப்டம்பர் 7 அன்று

மாமா,

இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக மட்டும்: 1936-இல் இதே தேதியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், ஹோபார்ட் நகரத்தின் போமரிஸ் விலங்குக்காட்சி சாலையில் கடைசித் தைலசின் செத்தது. டாஸ்மேனியப் புலி என்பார்கள். புலியும் இல்லை, ஓநாயும் இல்லை, கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள இனம். அதைக் காப்பாற்ற அரசு சட்டம் போட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இருக்கிறதா இல்லையா என்று தெரியாத விலங்குகளைப் பற்றி நாம் சேர்த்து வைத்த நம் ஃபைலை இனி நான் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், நேரில் சொன்னால் நானே மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம். மன்னித்துவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முடிவு மாறாது. பணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன், அத்தையும் படிப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

இமயமலைப் பனிமனிதன் என்கிற எட்டி விஷயத்தில் நமக்குள் சண்டை வந்ததே கிடையாது. 2017-இல் எட்டியுடையது என்று பத்திரப்படுத்தி வைத்திருந்த எலும்பு, பல், ரோமம் என்று ஒன்பதை மரபணுச் சோதனை செய்து, எட்டு கரடி, ஒன்று நாய் என்று சொன்னபோது என்னைவிட அதிகமாகச் சிரித்தது நீங்கள்தான். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லும் ராட்சத விலங்கின் அந்தப் புகழ்பெற்ற 1934 போட்டோ, பொம்மை நீர்மூழ்கியின் மேல் ஒட்டவைத்த கழுத்து என்று தெரிந்த பிறகும் அதை ஃபைலிலிருந்து எடுக்கவிடவில்லை, அழகாக இருக்கிறது என்றீர்கள். சரி, அழகுதான். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் 2003-இல் ஒரு மீட்டர் உயர மனித இனத்தின் எலும்பு கிடைத்ததைப் படித்துவிட்டு நானே கொஞ்ச நாள் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். அந்தத் தீவில் ஏற்கெனவே குட்டைக் காட்டு மனிதர்களைப் பற்றிய கதை உண்டே. அதெல்லாம் விளையாட்டு மாமா. யாருக்கும் நஷ்டமில்லை.

தைலசின் விளையாட்டில்லை.

நான் எப்போது இதைச் சொன்னாலும் நீங்கள் சீலகாந்தை எடுத்து மேஜைமேல் போடுவீர்கள். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு மீன்பிடிக் கப்பலின் குவியலுக்குள் மார்ஜரி கோர்ட்னி-லாடிமர் பார்த்த அந்த நீல மீன். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்பே ஒழிந்துபோனதாக எல்லோரும் நினைத்தது. அது வந்ததே, இது வராதா என்பீர்கள். வராது. சீலகாந்தை யாரும் தேடிப் போய்க் கொல்லவில்லை. ஆழ்கடலில் அது பாட்டுக்கு இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. தைலசினை டாஸ்மேனியாவில் எல்லோருக்கும் தெரியும். ஆடு தின்கிறது என்று சொல்லி, 1888 முதல் 1909 வரை தலைக்கு ஒரு பவுண்டு வீதம் அரசே கூலி கொடுத்தது. 2,184 முறை கொடுத்திருக்கிறார்கள், கணக்கு இருக்கிறது. நீங்கள் ‘இன்னும் இருக்கும்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கிலிருந்து ஒன்றைத் தள்ளுபடி செய்வது போல எனக்குத் தோன்றுகிறது. கொன்றவர்களுக்கு இதைவிட வசதியான பேச்சு வேறென்ன இருக்க முடியும்?

கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

தைலசினின் அந்தப் படத்தை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய ராத்திரி நினைவிருக்கிறதா? விலங்கியலாளர் டேவிட் ஃபிளே 1933-இல் எடுத்தது, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். சத்தம் கிடையாது. கம்பிக்குப் பின்னால் அது இப்படியும் அப்படியும் நடக்கும், படுக்கும், திடீரென்று வாயைத் திறக்கும். திறந்துகொண்டே போகும். அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். திரையில் தூசி. விரலை வைத்து முதுகுக் கோடுகளை எண்ண ஆரம்பித்தீர்கள், வால் அடி வந்ததும் குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து. உங்கள் விரல் போன இடமெல்லாம் தூசியில் கோடு விழுந்து, எது அதன் கோடு, எது உங்களுடையது என்று தெரியாமல் போய்விட்டது. படம் எடுத்தவரின் பின்பக்கத்தை அது கடித்துவிட்டது என்று சொன்னீர்கள். நான் சிரித்தேன். அந்த வருடம் நான் அதிகம் சிரிக்கவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும்.

“இது இப்ப எங்க இருக்கு மாமா?”

“எங்கேயாவது இருக்கும் கண்ணு. காடு பெரிசு.”

காடு பெரிசு இல்லை மாமா. அது ஒரு தீவு. வீட்டில் எல்லாப் பெரியவர்களும் வேறொரு விஷயத்துக்கு அதே பதிலைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘போயிடுச்சு, இனிமே வராது’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள் என்று நினைத்திருந்தேன். நீங்களும் சொல்லவில்லை. அதை நம்பிக்கொண்டு நான் எத்தனை வருடம்... சரி, விடுங்கள். அம்மா படிப்பாள்.

அன்பால்தான் சொன்னீர்கள், தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு நாள் இழுத்தேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது. 2022-இல் அந்தக் கடைசி விலங்கின் எலும்பும் தோலும் டாஸ்மேனிய அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே இருந்தது தெரியவந்தது. வயதான பெண் விலங்கு. பிடித்தது சட்டவிரோதமாக என்பதால் பதிவேட்டில் ஏறாமல் போயிருக்கிறது. 1936 மே மாதம்தான் காட்சி சாலைக்கே வந்தது, ஆகவே நாம் படத்தில் பார்த்தது கடைசி விலங்குகூட இல்லை. நான் வருத்தப்பட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அலமாரிக்குள்ள இருந்ததையே எண்பத்தாறு வருஷமா யாரும் பார்க்கல, காட்டுக்குள்ள இருக்கறதைப் பார்த்துடுவாங்களா?” இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பிலிப்பைன்ஸில் செபு தீவின் பூக்கொத்திக் குருவியையும் நீங்கள் விடமாட்டீர்கள். காடே போய்விட்டது, குருவி எப்படி இருக்கும் என்று முடிவுகட்டிய பிறகு 1992-இல் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டில் அது இருந்தது. செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொன்னால், காப்பாற்றுவதை நிறுத்திவிடுகிறோம், பிறகு அது நிஜமாகவே செத்துப்போகிறது. ‘ரோமியோ பிழை’ என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். குருவிக்கு ஒப்புக்கொள்கிறேன். தைலசினுக்கு மாட்டேன். கடைசியாக ஒன்று கூண்டில் செத்து இத்தனை வருடம் ஆன பிறகு நாம் காத்திருப்பதால் எந்தக் காட்டுக்கும் பாதுகாப்பு வரப்போவதில்லை. நம் இருவரின் சாயங்காலங்கள்தான் போகின்றன. அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன, அது வேறு விஷயம்.

இனி எதைப் பற்றிப் பேசுவோம் என்று தெரியவில்லை. உடம்பைப் பற்றிப் பேசலாம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

ஃபைல் இப்போது உங்கள் கணக்கில் இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை. 1982 பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் பாக்கி. வனக்காவலர் ஹான்ஸ் நார்டிங், ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் வண்டிக்குள்ளிருந்து விளக்கடித்துப் பார்த்த விலங்கின் கோடுகள் 13 என்று போட்டிருக்கிறீர்கள். அவர் எண்ணியது 12. மாற்றிவிடுங்கள்.