பேருந்துத் தடமும் சுற்றுச்சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிவதால், பேருந்தும் ரயிலும் ஓடும் முக்கியச் சாலைகளை ஒட்டி அடர்த்தியான கட்டடங்களுக்கு இடமளிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து வருகிறது. நானும் அதை வரவேற்கிறேன். ஆயினும் அந்த விவாதம், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் குறிக்கும் எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை எவ்வளவு உயர்த்தலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருந்து, பெரும்பாலும் மாநகரப் பேருந்திலேயே போய்வருபவன் என்ற முறையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் இறங்கும் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டுப் பால்கனியில் காயும் துணி தெரியும். நேராக அளந்தால் 300 மீட்டர்கூட இராது. ஆனால் நடுவில் ஓர் அலுவலக வளாகத்தின் சுற்றுச்சுவர் நீண்டு கிடக்கிறது. அது முடியும் வரை சாலையோரமாகவே நடந்து, அடுத்த தெருவில் திரும்பி, தண்ணீர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வீடு சேர ஒன்றேகால் கிலோமீட்டர் ஆகிறது. இதில் 200 மீட்டரையாவது மிச்சப்படுத்தக்கூடிய பின்வாசல் ஒன்று எங்கள் குடியிருப்பிலேயே உண்டு. பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை நாங்களே பூட்டி வைத்திருக்கிறோம். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா செம்மஞ்சேரியிலிருந்து மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தில் வந்து இறங்கிவிட்டு, வெயில் ஏறிய நாட்களில் இந்தச் சுற்றுவழிக்காக ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்.

பேருந்துத் தடத்தையும் நிலப்பயன்பாட்டையும் ஒன்றாகத் திட்டமிட்டதற்குப் பிரேசிலின் குரிச்சிபா நகரத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கட்டடக் கலைஞரான ஜைமி லெர்னர் மேயராக இருந்த காலத்தில், 1974-இல், அங்கே பேருந்துகளுக்கென்றே தனித்தடம் திறக்கப்பட்டது. தடத்தை ஒட்டிய மனைகளில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தந்து, தடத்திலிருந்து விலக விலக உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது, அக்கட்டடங்களின் கீழ்த்தளங்கள் கடைகளுக்கும் சேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டதும், கடைகளுக்கு முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கக் கூரையிட்ட தாழ்வாரம் விடப்பட்டதுமாகும். நம் ஊர் ரதவீதிகளில் பழைய கடைகளுக்கு முன்னால் இருந்த தாழ்வாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகவே தோன்றாது.

நம் நாட்டில், 2009-இல் பேருந்துத் தடம் தொடங்கிய அகமதாபாத்தின் வளர்ச்சித் திட்டம், தடத்தின் இருபுறமும் 200 மீட்டர் வரை 4 என்ற தளப்பரப்புக் குறியீட்டை அனுமதிக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த 200 மீட்டர் வரைபடத்தில் பட்டையாகப் போட்ட தூரம். இடையில் ஒரு சுவர் இருந்தால் கால்களுக்கு அந்தத் தூரம் எத்தனை மடங்காகும் என்பதை என் பால்கனியே சொல்லும்.

நம் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு 2, உயரமான கட்டடங்களுக்கு 3.25 என்ற குறியீடு பொதுவாகக் கிடைக்கிறது. கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் பெறலாம். ஆனால் கூடும் ஒவ்வொரு தளத்துக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் இத்தனை கார் நிறுத்துமிடங்கள் காட்டியாக வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பேருந்தைக் காரணம் காட்டிக் கூடுதல் தளம் கொடுத்துவிட்டு, அங்கே குடிவருபவர் கார் வைத்திருப்பார் என்ற கணக்கில் இடமும் ஒதுக்கச் சொல்வது முரண்பாடு. இதன் விளைவாகச் சாலையைப் பார்த்த பக்கத்தில் கடை இருக்க வேண்டிய இடத்தில் கார் இறங்கும் சரிவுப் பாதையும் காவலாளியின் கூண்டும்தான் வருகின்றன. நிறுத்தத்துக்கு அருகில் கட்டப்படுபவற்றுக்குக் குறைந்தபட்சம் என்பதை எடுத்துவிட்டு, இதற்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைப்பதே முறை.

நடைவழிக்கு முன்மாதிரியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும் என்ற விதியை நம் கட்டுமான நிறுவனங்கள் நெடுங்காலமாக ஏற்று நடக்கின்றன. அதே போல, நிறுத்தத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பெரிய மனைகள், முன்சாலையையும் பின்தெருவையும் இணைக்கும் நான்கு மீட்டர் அகல நடைவழியைத் தானமாக எழுதித் தந்தால்தான் கூடுதல் தளப்பரப்பு என்று விதிக்கலாம். நிலம் இழப்பவருக்கு மேலே தளம் கிடைக்கிறது, பெரிய நட்டமில்லை. அந்த வழி வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் தெருவாகவே பதிவாக வேண்டும் என்பது முக்கியம். இல்லையென்றால், தானமாகத் தரப்பட்ட பூங்காக்கள் சில இடங்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமான தோட்டங்களாக மாறியதைப் போல, இதற்கும் ஒருநாள் பூட்டு வந்துவிடும். பூட்டுகிறவர்களின் மனநிலை எனக்கு நன்றாகவே தெரியும்.

மெட்ரோ ரயில் சிறுசேரி வரை வரப்போகிறதே, இனிப் பேருந்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மெட்ரோவிலிருந்து இறங்குபவரும் அதே சுவரைச் சுற்றித்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

மூன்றாவது முழுமைத் திட்ட வரைவின் மீது மக்களின் ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்கப்படும்போது, ஒவ்வொரு முக்கிய நிறுத்தத்திலிருந்தும் பத்து நிமிடம் நடந்து உண்மையில் எதுவரை போக முடிகிறது என்று காட்டும் வரைபடத்தையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தமிழில் இணைத்து வெளியிட வேண்டுமென்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரப்பாக்கம், சென்னை.